ஊதாச் சேலை கட்டாதவள்

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. சிகந்திராபாத் ஹுசேன் சாகர் ஏரியில் ஒரு படகின் மேல்தட்டில் எடுத்தது. பெண்கள் அத்தனை பேரும் ஊதா நிற ஜார்ஜெட் சேலையில் பளபளவென்று நிற்கிறார்கள். நடுவில் நான் மட்டும் நீலக்கரை போட்ட வெள்ளைப் பருத்திச் சேலையில் நிற்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டு, நான் ஏன் ஊதா கட்டவில்லை என்று கேட்கிறார்கள். என் மகன் ஒரு பதில் சொல்கிறான். அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்தில் பிழை இருக்கும், சொல்கிற விஷயத்தில் இருக்காது.

மகனுக்கும் மருமகளுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதைக் கொண்டாடத்தான் அந்தப் படகு. ஏரியில் அன்றைக்கு அரசாங்க விழா, சாயங்காலம் ஏழரைக்கு வாணவேடிக்கை இருக்கிறது என்று தெரிந்து, மருமகளின் அக்கா மேல்தட்டு முழுவதையும் எங்களுக்கென்று பேசி வைத்தாள். திருமுல்கேரியில் இருக்கிறாள், பாங்கியில் பெரிய வேலை. எந்த விசேஷம் என்றாலும் அவள் வைத்ததுதான் சட்டம். சர்ச்சில் பெண்கள் கூட்டத்தையும் அவள்தான் நடத்துகிறாள். கை தாராளம், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. எனக்கு முழங்கால் வலி வந்தபோது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான்.

பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி கட்ட வேண்டும் என்று அவள்தான் போனில் செய்தி போட்டாள். இப்போது எங்கள் ஜனங்களிடம் இது ஒரு வழக்கமாகிவிட்டது. ஞானஸ்நானம், நிச்சயதார்த்தம், எதுவாக இருந்தாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரே நிறம். எனக்கும் ஒரு சேலை வந்தது. பிரித்துத் தொட்டுப் பார்த்தேன். வழுவழுவென்று கையில் நிற்காமல் நழுவியது. விரலால் கசக்கியபோது கை முடி சிலிர்த்தது. அப்படியே மடித்துக் கவரில் போட்டு பீரோவில் வைத்துவிட்டேன்.

அதை ஏன் கட்ட மாட்டேன் என்று மருமகளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். எல்லாவற்றையும் சொல்லக் கூடாது என்று என் மகன் இருபத்தைந்து வருஷத்துக்கு முன்பே என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் பிறந்தது சிவகாசிப் பக்கம். எங்கள் ஊரில் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஐந்தாவது முடித்த கோடை லீவில் என்னை ஆபீஸுக்கு அனுப்பினார்கள். லீவு முடிந்தும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. பத்து வயதிலிருந்து பதினேழு வரை சரம் பின்னினேன், குழாய் உருட்டினேன், திரி சொருகினேன். கல்யாணம் பண்ணி இங்கே சிகந்திராபாத்தில் ரயில்வே ஒர்க்‌ஷாப் குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகுதான் நகக்கண்ணில் இருந்த கறுப்பு போனது.

ஆபீஸில் ஒரு சட்டம் இருந்தது. பருத்திதான் கட்ட வேண்டும். நைலான் கட்டி வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள். நைலான் உரசினால் பொறி வரும், வெடிமருந்து பற்ற அந்தப் பொறி போதும். எங்களுக்கு எழுதப் படிக்கத் தெரிந்ததோ இல்லையோ, இது தெரியும். ஒரு நாள் சரக்கு அவசரம் என்று போர்மேன் கேட்டில் யாரையும் பார்க்காமல் உள்ளே விட்டார். என் பக்கத்தில் உட்காருகிற பெண் அன்றைக்குப் புது நைலான் தாவணி போட்டிருந்தாள். எது முதலில் பற்றியது என்று யாருக்கும் தெரியாது. நைலான் துணி, இந்த ஜார்ஜெட் மாதிரியே, எரிந்து உதிர்வதில்லை, உருகி உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. அதற்கு மேல் எழுத மாட்டேன். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான்.

என் மகனுக்கு இது எல்லாம் தெரியும். சின்ன வயதில் கதை மாதிரி கேட்பான். ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில், சிகந்திராபாத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிற படித்த குடும்பம் என்பதால், அம்மாவின் அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் என்று சொல்லிவிட்டான். அம்மாவும் எஸ்.எஸ்.எல்.சி. என்றான். என் அப்பா மாட்டு வண்டி ஓட்டினவர். நான் வாயைத் திறக்காமல் காப்பியைக் குடித்தேன். அன்றைக்கு மூடிய வாய்.

இதில் இன்னொன்றும் உண்டு. என் மகன் வேலை பார்ப்பது காஞ்சன்பாக்கில், ராணுவத்துக்குத் தளவாடம் செய்கிற இடத்தில். அவன் செக்‌ஷனுக்குள் பருத்தி யூனிஃபார்ம் இல்லாமல் போக முடியாது, அங்கேயும் வெடிமருந்துதான். தினமும் அதைத் துவைத்து மடித்து வைப்பது நான்தான்.

வாணவேடிக்கையை முழுதாகப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஏழு வருஷம் பட்டாசு செய்தேனே தவிர, ஒரு சரம்கூட எனக்கென்று வெடித்ததில்லை. தீபாவளிக்குச் சரக்கு லாரியில் போய்விடும். கிறிஸ்துமஸுக்கு அப்பா வாங்கித் தர மாட்டார். செய்கிறவளுக்கு எதற்கு என்பார். இப்போது இருக்கிற மல்காஜ்கிரி வீட்டுக்கு வந்த பிறகு மொட்டை மாடியில் நின்று பார்ப்பேன். மாடிகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் மேலே வாணத்தின் தலைப் பக்கம் மட்டும் தெரியும். கீழே எங்கிருந்து கிளம்புகிறது, எப்படி ஏறுகிறது, ஒன்றும் தெரியாது. படகு என்றதும், தண்ணீர் மேலே நின்று அடியிலிருந்து நுனி வரை பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். வேறு எதற்காகவும் நான் கிளம்பவில்லை.

வாணவேடிக்கைக்குப் போகிறோம் என்று பருத்தியைத்தான் கட்டினேன். புத்தம் புதுச் சேலை, கஞ்சி போட்டது. படகுத்துறையில் என்னைப் பார்த்ததும் மருமகளின் அக்கா முகம் மாறியது. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் மகனிடம் தெலுங்கில் பேசினாள். நான் தெலுங்கு பேசக் கூச்சப்படுவேன், அதனால் எனக்குப் புரியாது என்று அவர்கள் நினைப்பு. ஐம்பது வருஷம் இந்த ஊரில் காய்கறி வாங்கியவளுக்குப் புரியாமல் இருக்குமா? வீடியோவில் ஒரே ஒரு வெள்ளை இருந்தால் கண்ணை உறுத்தும், எடுத்து முடிக்கும் வரை அம்மா கீழே இருக்கட்டும் என்றாள். என் மகன் தலையாட்டினான்.

பிறகு என்னிடம் வந்தான். "அம்மா, மேல காத்து ஜாஸ்தியா இருக்கு. கீழ ஏசி ஹால்ல நிம்மதியா உக்காருங்க. ஆரம்பிக்கும்போது நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

சரி என்றேன். எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிச் சொல்லியே இந்த வயது ஆகிவிட்டது. என்னை ஒரு ஜன்னலோரம் உட்கார வைத்து, கைப்பைகளையும் கேக் டப்பாவையும் என்னைச் சுற்றி அடுக்கிவிட்டு எல்லாரும் மேலே போனார்கள். ஜன்னல் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. வெளியே விளக்குகள் சாணித் தண்ணீரில் விழுந்த மாதிரி மங்கலாகத் தெரிந்தன. ஹாலில் வேறு ஒரு கூட்டம் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தது. படகு கிளம்பியது. ஏழே கால் ஆனது. ஏழு இருபது ஆனது. யாரும் வரவில்லை. மறந்துவிட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் அழுகை இல்லை, ஆத்திரம்.

அப்போது பேத்தி படியிறங்கி ஓடி வந்தாள். காலேஜில் படிக்கிறவள். நான் தமிழில் கேட்டால் புரியும், பதில் ஹிந்தி கலந்துதான் வரும். "பாட்டி, அந்த டப்பா தேதோ, பெரியம்மா கேக்குறாங்க" என்றாள். எடுத்துக் கொடுக்கத் தூக்கினேன். கனம் சரியில்லை. கேக்கின் கனம் இப்படி ஒரு பக்கமாகச் சாயாது. மூடியைத் திறந்தேன். கேக்குக்கும் அட்டைக்கும் நடுவில் கம்பி மத்தாப்புப் பெட்டிகள் நாலு சொருகியிருந்தன. பட்டாசு, தீப்பெட்டி எதுவும் கூடாது என்று ஏறும்போதே படகுக்காரர் சொல்லியிருந்தார். அவர் கண்ணில் படாமல் கேக் டப்பாவில் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

என்னத்துக்கு என்று கேட்டேன். எல்லாரும் வட்டமாக நின்று ஆளுக்கொரு மத்தாப்பு பிடித்துச் சுற்றுவார்களாம், அதை ஸ்லோமோஷனில் எடுப்பார்களாம். ஊதா ஜார்ஜெட், அதில் மின்னுகிற சம்கி, ஏரிக் காற்று, பறக்கிற முந்தானை, கையில் மத்தாப்பு.

டப்பாவை நான் அவளிடம் கொடுக்கவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நானே படியேறினேன். முழங்கால் கெஞ்சியது. நிற்கவில்லை.

மேலே எல்லாரும் வட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். வீடியோக்காரர் கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் மருமகளின் அக்கா கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை.

"இந்தச் சேலையைக் கட்டிக்கிட்டு ஒருத்தரும் மத்தாப்பைத் தொடக் கூடாது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அவள் சிரித்தாள். "ஆன்ட்டி, இது சின்னப் பிள்ளைங்க கொளுத்துறது. பாம் இல்ல. குடுங்க, டைம் ஆகுது."

"பாட்டிம்மா டிரெஸ் கோடு ஃபாலோ பண்ணல, நமக்கு மட்டும் ரூல் போடுறாங்க" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

"காத்துல முந்தானை பறக்குது. பொறி பட்டா உருகி ஒட்டும். பிச்சு எடுக்க முடியாது" என்றேன்.

"உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் ஆன்ட்டி? உங்க அப்பா வாத்தியார்னுதானே சொன்னாங்க. பட்டாசு வாத்தியாரா?" என்றாள் மருமகளின் அக்கா.

என் மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று கண்ணால் கேட்டான். அந்தப் பார்வையைப் பார்த்ததும் இருந்த கொஞ்ச கூச்சமும் போய்விட்டது.

"எங்க அப்பா வாத்தியார் இல்ல. வண்டி மாடு ஓட்டினவரு. நான் அஞ்சாப்பு. பத்து வயசுலேர்ந்து ஏழு வருசம் பட்டாசு ஆபீஸுல சரம் பின்னினேன். நைலான் கட்டி வந்த பிள்ளை என் பக்கத்துல எரிஞ்சா. அதான் தெரியும்."

பிறகு மகனைப் பார்த்துக் கேட்டேன். "ஏன்டா, உன் செக்‌ஷன்ல இந்தச் சேலையைக் கட்டிக்கிட்டு உள்ள விடுவாங்களா?"

அவன் படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

"விடமாட்டாங்க" என்றான்.

அவ்வளவுதான். என் மருமகள் வந்து, டப்பாவிலிருந்து மத்தாப்புப் பெட்டிகளை எடுத்துப் படகுக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவளுக்கு அது சொந்த அக்கா. எனக்காக அதைச் செய்தாள். அதை நான் மறக்க மாட்டேன்.

அந்த நேரத்தில் முதல் வெடி கிளம்பியது. எல்லாரும் திரும்பினார்கள். என்னைக் கீழே போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நான் கம்பியோரம் நின்று பார்த்தேன்.

அழகாகத்தான் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கரையிலிருந்து ஒரு நெருப்புக் கோடு விசிலடித்துக்கொண்டு ஏறி, உச்சியில் நின்று யோசித்து, பிறகு விரிந்தது. தண்ணீரில் இன்னொன்று விரிந்தது. ஏரி நடுவில் இருக்கிற புத்தர் சிலை பச்சையாகவும் சிவப்பாகவும் மாறி மாறி நின்றது. பச்சை வந்தபோது எனக்குத் தொண்டை கசந்தது. அந்த நிறம் வர மருந்தில் கலக்கிறதைப் பச்சை உப்பு என்போம். மருந்து அறைப் பக்கம் போய் வந்தால் எச்சிலே கசக்கும்.

ஆனால் கோபம் தணியவில்லை. ஒவ்வொன்றும் எண்ணி அஞ்சு நொடி இல்லை. தாளை வெட்டி, பசை தடவி, சுற்றி, காயவைத்து, மறுபடி சுற்றி, திரி வைத்து... அஞ்சு நொடி. என் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு எல்லாம் இப்படித்தான் யாரோ அண்ணாந்து பார்த்துக் கைதட்டப் போயிருக்கிறது. கரையில் மைக்கில் ஒருத்தர் ஒவ்வொருவருக்காக நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். வந்த பெரிய மனிதர்களுக்கு, பந்தல் போட்டவர்களுக்கு, பானம் கொடுத்தவர்களுக்கு. முடியும் வரை காது கொடுத்துக் கேட்டேன். தாள் சுற்றிய கையைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

முடிந்ததும் புகை ஏரி மேலே படுத்தது. குரூப் போட்டோ என்று கூப்பிட்டார்கள். மருமகளின் அக்கா என் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினாள். மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை அவள், அதுதான் அவளால் முடிந்தது. என் மகன் ஒரு ஊதாச் சால்வையை யாரிடமோ வாங்கிக்கொண்டு வந்தான். "இதை மேல போட்டுக்கோங்கம்மா, கலர் சேர்ந்துடும்" என்றான்.

வாங்கினேன். நாலாக மடித்து அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு நேராகப் பார்த்து நின்றேன்.

அதுதான் அந்தப் படம். யாராவது வந்து, அம்மா ஏன் ஊதா கட்டவில்லை என்று கேட்டால், என் மகன் இன்றைக்கும் சிரித்துக்கொண்டே, "அம்மாவுக்குக் காட்டன்தான் பிடிக்கும்" என்கிறான். படகில் அத்தனை பேர் முன்னால் நான் சொல்லி, அவனும் ஒத்துக்கொண்ட பிறகும், வீட்டுக்கு வருகிற புது ஆளுக்கு அவனால் சொல்ல முடியவில்லை. எனக்குக் காட்டன் பிடிக்கும் என்று யார் சொன்னது? கையில் காசு இருந்த வயதில் எனக்கும் வழுவழுப்பான சேலை கட்ட ஆசை இருந்தது. இப்போதும் துணிக்கடை வாசலில் நின்று பார்ப்பேன். தொட மாட்டேன்.

அடுத்து யாராவது அந்தப் படத்தைப் பார்த்துக் கேட்டால், அவன் வாய் திறக்கும் முன் நான் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் கூச்சத்தில் பேச வராவிட்டால், இந்தத் தாளை எடுத்து அவர்கள் கையில் கொடுத்துவிடுவேன்.