குழியாடி கேட்டு கண்ணாடிக்கடைக்குப் போன கதை

எரிஞ்ச ஒயர் நாத்தம்... பூந்தமல்லியில எங்க ஸ்கூல் பிசிக்ஸ் லேப்னாலே எனக்கு அதான் ஞாபகம் வரும். தொண்ணூறுகளோட ஆரம்பம். நான் பிளஸ் ஒன், ஃபர்ஸ்ட் குரூப்.

முதல் டெஸ்ட்லயே பிசிக்ஸ் ஊத்திக்கிச்சு. மிஸ் கூப்பிட்டு, "பிராஜெக்டாவது ஒழுங்கா செய். இதுவும் சொதப்பினா தேர்ட் குரூப்புக்கு மாத்திடுவேன்"னுட்டாங்க. அப்பாகிட்ட அழுது அடம்புடிச்சு வாங்கின ஃபர்ஸ்ட் குரூப்பு அது!

சரி, ஐடியா தேடினா... எலெக்ட்ரிக் பெல்ல ஒருத்தி எடுத்துட்டா. பெரிஸ்கோப்புக்கு ரெண்டு பேரு அடிச்சிக்கினு இருந்தாளுங்க. ஒருத்தி எடுத்தத இன்னொருத்தி எடுக்கக் கூடாது. என் கூட்டாளி மும்தாஜ்தான் சொன்னா, "வெயில்ல நெருப்பு பத்த வெப்போம்டி. ஒரு குழியாடி கெடைச்சா போதும்."

தமிழ் மீடியம் புக்குல அப்டித்தான் போட்டிருக்கும். உள்பக்கம் குழிஞ்ச கண்ணாடின்னா குழியாடி. அந்தப் பேர நம்பி பஜார்ல கண்ணாடிக்கடைக்குப் போனோம்.

"பாய், ஒரு குழியாடி வேணும்."

"ஆடியா? ஆடி முடிஞ்சு ஆவணியே பொறந்துருச்சேம்மா. தள்ளுபடிலாம் துணிக்கடைல போய் கேளு!"

கடையே சிரிச்சுது. மானமே போச்சு. புக்கு எழுதினவங்கள திட்டிக்கினே வெளிய வந்தேன்.

மும்தாஜுக்கு அதெல்லாம் ஒறைக்கவே இல்ல. பக்கத்து மெக்கானிக் ஷெட்டுல முன்பக்கக் கண்ணாடி ஒடைஞ்ச லாரி ஹெட்லைட் ஒன்னு கெடந்துது. அதுக்குள்ள மூஞ்சிய நீட்டி, "ஏய், நான் தலகீழா தெரியுறேன்... இதுவும் குழியாடிதான்டி!"னு கத்தினா.

மெக்கானிக் அண்ணன், "கத்தாதீங்கம்மா, எடுத்துக்கினு போங்க"ன்னார்.

எங்க ஊட்டு மாடியில, ஹெட்லைட்டுல பல்பு இருந்த எடத்துல தீக்குச்சிய சொருகி வெயிலுக்குக் காட்டினோம். குப்புனு புடிச்சிக்கிச்சு. குதிச்ச குதியில கீழ் வீட்டுக்காரம்மா மேல வந்துட்டாங்க.

பிராஜெக்ட் காட்டுற அன்னைக்கு கிரவுண்டுக்குப் போனா... வெயிலே இல்ல! மேகம் மூடிக்கினு கீது. அடுத்த டேபிள்ல பெல்லு ஜோரா அடிக்குது. எங்க குச்சி மட்டும் அசையாம நிக்குது. மிஸ் வந்து பார்த்தாங்க, பெல்லு அடிக்கிற டேபிளுக்குப் போயிட்டாங்க. அவ்ளோதான், தேர்ட் குரூப்னு முடிவே பண்ணிட்டேன். அழுதுட்டேன்.

மும்தாஜ் மட்டும் ஹெட்லைட்ட கீழ வெக்கவே இல்ல. திடீர்னு சுள்ளுனு வெயில்... குச்சி பத்திக்கிச்சு!

"யாருடி நெருப்பு வெச்சது?"ன்னு மிஸ் ஓடி வந்தாங்க.

"சூரியன் மிஸ்!"னு ரெண்டு பேரும் கத்தினோம்.

மிஸ் சிரிச்சுட்டாங்க. "பொழைச்சுப் போ... ஃபர்ஸ்ட் குரூப்லயே இரு."

அப்பாடா!! அங்கேயே மண்ணுல உக்காந்துட்டேன். உசுரு திரும்பி வந்துது.

இப்ப என் பையனுக்கு பிராஜெக்ட் சாமான்லாம் ஒரே பாக்ஸா வீட்டுக்கே வந்துடுது. மாட்டினா மொத தடவையே வேலை செய்யுது. நல்லதுதான், புள்ள பயப்படாம இருக்கான். போன வாரம் செஞ்சு முடிச்சான். நான்தான் பக்கத்துல நின்னு "அப்பாடா"ன்னேன்.

"எதுக்கும்மா?"ன்னு கேட்டுட்டு விளையாடப் போயிட்டான்.