தலையில் தட்டிய பால்காரர்

அப்போது என் ஸ்கூட்டர் புதிது. வல்லத்திலிருந்து செஞ்சிக்கு வேலைக்குப் போகையில், கொண்டையில் வைத்த கனகாம்பரம் நசுங்குமே என்று ஹெல்மெட்டை முன் கொக்கியில் தொங்கவிட்டிருப்பேன். எதிரே வருகிறவர் தன் தலையில் தட்டிக் காட்டினால், முன்னால் போலீஸ் நிற்கிறது என்று அர்த்தம். அபராதத்துக்குப் பயந்து உடனே மாட்டிக்கொள்வேன்.

ஒருநாள் கோட்டை மலை தெரிகிற இடத்தில், எதிரே வந்த பால்காரர் அப்படித் தட்டினார். சலித்துக்கொண்டே மாட்டினேன். அடுத்த வளைவில், சாலையில் காயப்போட்டிருந்த மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், வண்டி சறுக்கி, மைல்கல்லில் தலை மோதியது. ஹெல்மெட் பிளந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான்.

சத்தம் கேட்டுத் திரும்பி வந்த பால்காரர் என்னைத் தூக்கி உட்காரவைத்தார்.

"போலீஸ் எங்கண்ணா?" என்று கேட்டேன்.

"போலீஸ் ஏதும்மா? மல்லாட்ட காயுதுன்னு சொன்னா நீ ஹெல்மெட்டு போடுவியா?"

வருடங்கள் ஓடிவிட்டன. ஹெல்மெட்டைக் கழற்றி, நசுங்கிய கனகாம்பரத்தை நீவிவிடும்போதெல்லாம் அவர் ஞாபகம்தான்.

இப்போது வெறுந்தலையோடு யார் எதிரே வந்தாலும் நானும் தலையில் தட்டுகிறேன். அவசரமாக மாட்டிக்கொண்டு போய், போலீஸைக் காணாமல் என்னைத் திட்டுவார்கள். வீடு போய்ச் சேர்ந்து, ஆற அமரத் திட்டட்டும்.