கடல் தாண்டும் ஊறுகாய்

சூஃபியாவின் பெயரை ஹமீதா பானு முதன்முதலாகக் கேட்டது ஒரு மவுத்து வீட்டில். துக்கம் கேட்க வந்த இடத்தில்தானே கீழக்கரையில் பாதிக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. ஹமீதாவின் சின்னம்மா, அவளுடைய உம்மாவுக்கு நேர் இளையவள், காதோரம் குனிந்து சொன்னாள்.

"நெய்னா முகம்மது மூத்த பேத்தி, சூஃபியான்னு பேரு. நல்லா ஆக்குவா. ஒரே ஒரு குறை, எதுக்கெடுத்தாலும் ஏன்னு கேப்பா. நெத்திலிக்கு எதுக்கு இவ்ளோ மஞ்சள்னு கேட்டு அவ பெரியம்மாவையே அழ வச்சுட்டா."

ஹமீதா அப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கும் தம்பி சஃபீருக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். "கேட்டா கேட்டுட்டுப் போறா. பதில் சொல்ல அவன் என்ன வருசம் முழுக்க இங்கனயா இருக்கப்போறான்?" என்றாள்.

நிக்காஹ் முடிந்தது. ஊர் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கே குடிபோனான். அது ஹமீதா வீட்டுக்கு அடுத்த தெருதான். லீவு முடிந்ததும் சஃபீர் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறிவிட்டான். அங்கே ஒரு பெரிய சூப்பர் மார்க்கெட்டில் வேலை. ஆக்கிய சோற்றை டப்பாவில் அடைத்து விற்பார்களே, அதைக் குளிர் அலமாரியில் அடுக்குவது அவன் பொறுப்பு. தேதி முடியப்போகிற டப்பாக்களை வேலைக்காரர்களுக்கே மலிவாகக் கொடுப்பார்கள். ரூமுக்குக் கொண்டுவந்து சூடாக்கித் தின்றுவிட்டுப் படுப்பான்.

இது தெரிந்ததும் சூஃபியாவை விட ஹமீதாதான் அதிகம் பதறினாள். "எவன் ஆக்குனதோ, என்னைக்கு ஆக்குனதோ! அத மனுசன் திம்பானா?" என்று தன் உம்மாவின் கைப்பக்குவத்தில் சீலா மீன் ஊறுகாய் போடத் தம்பி பெண்டாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தாள். உப்புத் தூக்கலாக, நல்லெண்ணெய் மேலே மிதக்க. அதோடு மாசி மீன் பொடி, வறுத்த கருவாடு. ஊரில் யார் பயணம் கிளம்பினாலும் அவர்கள் கையில் ஒரு பார்சல் போகும்.

"லாத்தா, நான் ஷார்ஜாவுக்குப் போறேனா, உங்க ஊறுகாய் போகுதா? என் சட்டைக்குப் பெட்டியில எடமில்ல" என்பான், ஹமீதாவை அக்கா முறை வைத்து லாத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு உசாமா.

"சட்டை அங்கனயே கிடைக்கும். இது கிடைக்குமா? வாயை மூடிட்டு வை."

வருசங்கள் இப்படியே ஓடின. போன வருசம் கம்பெனியில் எல்லோருக்கும் உடம்பைப் பரிசோதித்தார்கள். சஃபீருக்குப் பிரஷர் எகிறிக் கிடந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்து மாதாமாதம் வரச் சொன்னார். இறங்கவில்லையென்றால் வேலையை விட்டு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. வேலை போவதைவிட ஹமீதாவுக்கு வேறொரு பயம் பெரிது. அவர்கள் வாப்பா பிரஷரில்தான் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு விழுந்தார், ஏறக்குறைய இதே வயதில்.

"எல்லாம் அந்த டப்பாச் சோறு செஞ்ச வேலை. இனி அதத் தொடாத" என்று தம்பிக்கு உத்தரவு போட்டாள். பார்சல் இரண்டு மடங்கானது. சஃபீரும் சொன்ன சொல் தட்டாமல் வெறுஞ்சோறு மட்டும் பொங்கி, மூன்று வேளையும் வீட்டு ஊறுகாயும் கருவாடுமாகச் சாப்பிட்டான்.

அடுத்த மாதம் பிரஷர் இன்னும் ஏறியிருந்தது.

ஹமீதா அழுதாள். சூஃபியா அழவில்லை. "ஏன் ஏறுச்சு?" என்று கேட்டாள். யாரிடம் என்றில்லை, சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

அன்றே புருசனை போனில் பிடித்தாள். "டப்பாவுல உப்பு எவ்ளோன்னு எழுதியிருக்குமாமே, வாசிங்க." அவன் அலமாரி முன்னால் நின்று ஒவ்வொன்றாக வாசித்தான். "நம்ம ஊறுகாய் பாட்டில் உங்களுக்கு எத்தன நாளைக்கு வருது?" அதையும் சொன்னான்.

மறுநாள் ஹமீதா போனபோது, அடுப்படியில் இரண்டு தட்டில் உப்பு இருந்தது. ஒன்றில் சிறு குவியல். மற்றதில் அதைவிடப் பெரியது.

"சின்னது, அவுக முன்னாடி தின்ன டப்பாவுல ஒருநாளைக்கு உள்ளது. பெருசு, நாம அனுப்புறதுல ஒருநாளைக்கு உள்ளது. ஊறுகாய்க்குப் போடுற உப்ப நிறுத்து, நாளுக்குப் பிரிச்சேன். கருவாட்டு உப்பு இதுல சேரல லாத்தா. அத எப்படி நிறுக்குறதுன்னு தெரியல."

ஹமீதாவுக்குச் சுருக்கென்றது. "எங்க உம்மா கைப்பக்குவத்த, கண்ட கம்பெனிக்காரன் டப்பாவோட தராசுல வக்கிறியா நீ?" என்று எழுந்துவிட்டாள்.

"உக்காருங்க லாத்தா. இதக் கொஞ்சம் வாயில ஊத்திப் பாருங்க." கருவாடு ஊறிய தண்ணீர்.

ஊற்றியவள் முகம் கோணியது. "அல்லாவே, கடத்தண்ணி!"

"இப்ப இது." கரண்டியில் குழம்பை நீட்டினாள், அன்று காலையில் வைத்த மீன் ஆணம். ஹமீதா நக்கிப் பார்த்தாள். அதே சீலா, அதே கை. உப்பு அளவோடு இருந்தது.

"இதுக்கு ஏன் கம்மியாப் போட்ட?"

"இது மத்தியானத்துக்கு. ஊறுகாய் கடல் தாண்டணும்ல. அங்க போயும் கெடாம இருக்கணும்."

ஹமீதா இரண்டு தட்டையும் தன் பக்கம் இழுத்து வைத்தாள். பிறகு அவளுக்கே கேள்வி வந்தது. "அப்போ டப்பாச் சோறுதான் நல்லதுங்கிறியா?"

"அப்படியும் சொல்ல முடியல. நூடுல்ஸ் டப்பா ஒண்ணு வாசிச்சாக, அதுல உள்ள உப்புக்கு நம்ம ஊறுகாயே பரவால்ல. அதுவும் ரொம்ப நாள் இருக்கணும்னு செஞ்சதுதான? வீடோ கடையோ, அன்னன்னைக்கு ஆக்குனாத்தான் உப்பு நம்ம கையில நிக்கும்."

"அன்னன்னைக்கு அங்கன யாரு ஆக்குவா?"

"உங்க தம்பிதான்."

ஹமீதா சிரித்தேவிட்டாள். வெந்நீர் வைத்தால்கூட அடிப்பிடிக்கவிடுகிறவன் அவன்.

அன்று முதல் ஷார்ஜா அடுப்பு கீழக்கரையிலிருந்து எரிந்தது. போனைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் நிற்க, இரண்டு பெண்களும் இங்கிருந்து கத்துவார்கள்.

"வெங்காயம் செவந்துருச்சா?"

"கறுத்துருச்சு."

"மறுபடி வெட்டுங்க!"

"லாத்தா, இவகிட்டச் சொல்லு. டப்பாச் சோறு என்னைத் திட்டாது."

அடுத்த பார்சலில் ஊறுகாய் இல்லை. உப்பில்லாமல் வறுத்து அரைத்த மசாலாவும், காயவைத்த முருங்கைக்கீரையும்தான். உசாமா பெட்டியைத் தூக்கிப் பார்த்து, "என்ன லாத்தா, கனமே இல்ல?" என்றான். "இப்ப உன் சட்டைக்கு எடமிருக்கும், வை" என்றாள் ஹமீதா.

பிரஷர் மெல்ல இறங்கியது. மாத்திரையால் பாதி, சாப்பாட்டால் பாதி என்றாராம் டாக்டர். அதில் எது எவ்வளவு என்று சூஃபியா கேட்கச் சொன்னாள், அவருக்குத் தெரியவில்லை. சஃபீருக்கு வேலையும் நிலைத்தது.

சூஃபியா இப்போதும் கீழக்கரையில் தன் வீட்டில்தான் இருக்கிறாள். ஷார்ஜாவில் சஃபீர் வேலை முடிந்து ரூமுக்கு வருகிற நேரத்துக்குத் தினமும் போன் போட்டு, அடுப்பைப் பற்றவைக்கச் சொல்கிறாள்.