நாசிக்குக்குப் போட்ட விண்ணப்பம்

கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் நான் அதைக் காப்பாற்றினேன். நாசிக் ஒயின் தோட்டத்துக்காரர்கள் கேள்விப்பட்டதில்லை போலும்.

ஓய்வுக்குப்பின் மனைவியோடு முதல் பயணம். திராட்சை அறுவடையைப் பார்த்து, அங்கேயே நல்ல சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின் குடிப்பதாகத் திட்டம். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுமதி கேட்டேன். பிறகு இரண்டு நினைவூட்டல்கள். பக்கத்துப் பனியன் கம்பெனி இரைச்சலை மீறித் தபால்காரர் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று வாசலிலேயே நடந்தேன்.

"ஏனுங்க, ஒரு போனைப் போட்டுக் கேட்டா பென்சனை நிறுத்திப்போடுவாங்களா?" என்றாள் மனைவி.

"வாய்ப்பேச்சுக்கு ஆதாரம் ஏது?"

"மாசி பொறந்தா பழனிக்கு மாலை போட்டு விரதம் இருப்பீங்க, ஒயினைத் தொட முடியாது. பங்குனி உத்திரம் முடியறதுக்குள்ள அங்க அறுப்பே முடிஞ்சிருமுங்க. அப்புறம் ஆதாரத்தைக் கரைச்சுக் குடிங்க. நாந்தான் புதுச்சேலை எடுத்து வெச்சுட்டு உக்காந்திருக்கறேன்."

கோயிலில் மாலை போட்டுத் திரும்பிய காலையில் கவர் வந்திருந்தது. எந்த நாளும் வரலாம், முன் அனுமதி தேவையில்லை என்று எழுதியிருந்தார்கள். மனைவி சேலையைப் பீரோவில் வைத்தாள். நான் பழக்கதோஷத்தில் கடிதம் கிடைத்த தேதியை அதன் மூலையில் குறித்தேன்: மாசி ஒன்று.