பளு தூக்கியவளும் ஓடியவளும்

சில வாரங்களாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று நிறையப் பேர் விசாரித்திருந்தீர்கள். உடம்பு சரியில்லையா, ஆசிரியரோடு சண்டையா, எழுத விஷயம் தீர்ந்துவிட்டதா...

அதெல்லாம் ஒன்றுமில்லை. வீட்டில் பளு தூக்கிக்கொண்டிருந்தேன்.

பளுவின் பெயரைச் சொல்லும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அது என் கணவர்!

போன வாரம்தான் அவர் காலில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்தார்கள். இனி எழுத உட்காரலாம். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

செங்கல்பட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் பூகோளம் எடுக்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு என் உடம்பும் ஒரு பூகோளமாகிவிட்டது. மாடி வகுப்புக்கு ஏறினால் மூச்சு வாங்கும். முட்டி வலிக்கும். எங்கள் டாக்டர் அம்மாள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார் — "இளைக்கணும்."

நடக்க ஆரம்பித்தேன். விடிந்ததும் கொளவாய் ஏரிப் பக்கம் போவேன். முதலில் நடை, பிறகு வேக நடை, அப்புறம் ஆள் இல்லாத இடமாகப் பார்த்துக் கொஞ்சம் ஓட்டம். புடவை கட்டின பெண்பிள்ளை ஓடினால் இந்த ஊரில் எல்லோரும் அவளுக்குப் பின்னாலேதான் பார்க்கிறார்கள் — துரத்துவது நாயா, திருடனா என்று. பழகிக்கொண்டேன். ராத்திரிச் சாப்பாட்டையும் அநேகமாக விட்டுவிட்டேன்.

அடிக்கடி ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய் எடை மிஷினில் ஏறி நிற்பேன். விளக்கெல்லாம் மின்னி, சக்கரம் சுற்றி, டிக்கெட் மாதிரி அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் ஜோசியம். ஜோசியம் என்ன சொன்னாலும் சரி, எடை மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. ஸ்டாஃப் ரூமில் பாராட்டோ பாராட்டு. ஜாக்கெட்டெல்லாம் பிடித்துத் தைத்துக்கொண்டேன். பெருமை இருக்காதா?

ஒரே ஒருத்திதான் பாராட்டவில்லை. ஸ்டெல்லா.

ஸ்டெல்லா எங்கள் பள்ளியின் பி.டி. டீச்சர். கூடுவாஞ்சேரியிலிருந்து தினம் ரயிலில் வருகிறாள். என் வயதுதான், என் சிநேகிதி. பார்த்தால் கொஞ்சம் கனத்த உடம்பு. ஆனால் கையைப் பிடித்துப் பார்த்தால் தேக்குக் கட்டை. காரணம், அவள் வீட்டில் வெயிட் தூக்குகிறாள். அவள் அண்ணன் இரண்டு பெரிய பால்பவுடர் டின்னில் சிமென்ட் ஊற்றி, நடுவில் தண்ணீர்க் குழாய் சொருகி ஒரு பார்பெல் செய்து கொடுத்திருக்கிறார். ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூக்குவாளாம்.

"இன்னா ராஜி, காத்தடிச்சா பறந்துடுவ போலகீது?" என்றாள் ஒருநாள்.

"பொறாமை உனக்கு."

"பொறாமையும் இல்ல, ஒண்ணும் இல்ல. சாப்புடாம ஓடிகினே இருந்தா கொழுப்பு மட்டுமா போவும்? சதையும் சேந்து போவுது. சதைதான் அடுப்பு. நீ சும்மா குந்திகினு இருந்தாலும் அது எரிஞ்சிகினு இருக்கும். அத்தப் போய் அணைச்சிட்டு வரியே!"

"பொம்பளைங்க வெயிட் தூக்கினா நல்லாவா இருக்கும்?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "எங்கம்மா அடுத்தவன் களத்துல நெல்லு மூட்டைய தூக்கித் தலைல வெச்சிகினு நடந்துது. அப்போ யாரும் நல்லா இல்லன்னு சொல்லலயே?"

நான் பேச்சை மாற்றினேன்.

ஆனால் அவளிடமும் ஒரு குறை உண்டு. போன வருஷம் பிள்ளைகளை மகாபலிபுரத்துக்கு எக்ஸ்கர்ஷன் கூட்டிக்கொண்டு போனோம். குன்றின் பாதியிலேயே ஸ்டெல்லா உட்கார்ந்துவிட்டாள். மூச்சு அப்படி இரைத்தது. "நீங்க போய்ட்டு வாங்க, நான் செருப்பப் பாத்துக்கறேன்" என்றாள். நான் பிள்ளைகளுக்கு முன்னால் உச்சியில் நின்று கையை ஆட்டினேன். கொஞ்சம் வேண்டுமென்றே...

இப்படியாக எங்கள் கட்சிச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதுதான் கடப்பாக்கம் போனோம்.

எங்களோடு வேலை பார்க்கும் நூர்ஜகானுக்கு ஊர் கடப்பாக்கம். அவள் அண்ணன் காதர் பாய் அங்கே மீன் வியாபாரம் செய்கிறார். அரைப் பரீட்சை லீவில் ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட வரச் சொல்லியிருந்தாள். பிள்ளைகளை என் அம்மா வீட்டில் விட்டுவிட்டு நான், என் கணவர், ஸ்டெல்லா மூவரும் பஸ் ஏறினோம்.

காதர் பாய் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நூர்ஜகான் அடுப்படியில் பிரியாணியோடு போராடிக்கொண்டிருந்தாள். "அதுவரைக்கும் கோட்டையப் பாத்துட்டு வாங்களேன்" என்று அனுப்பி வைத்தாள்.

ஆலம்பரைக் கோட்டை என்று பெயர்தான் கோட்டை. செங்கல்லும் சுண்ணாம்புமாகச் சுவர் சுவராக இடிந்து கிடக்கிறது. பின்னால் உப்பங்கழி, அதற்கப்பால் கடல். மத்தியான நேரம். ஒரு ஈ காக்கை இல்லை.

என் கணவருக்குச் சரித்திரத்தில் ஆசை. உடம்பை அசைப்பதில் கிடையாது. அன்றைக்கு என்ன தோன்றியதோ, இடிந்த சுவர் ஒன்றின் மேல் ஏறிவிட்டார். "இங்கேர்ந்து பாத்தா கடல் நல்லாத் தெரியுதுடி, வா..." என்றார்.

அடுத்த நிமிஷம் ஆளைக் காணோம். சரசரவென்று சத்தம் மட்டும்.

சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினோம். கழிப் பக்கம், தண்ணீர் ஓரமாக விழுந்து கிடந்தார். அவரோடு சேர்ந்து விழுந்த சுவர்த் துண்டு, ஒரு பெரிய காரைக்கட்டி, அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே அழுத்திக்கொண்டிருந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"கால எடுக்க முடியல ராஜி" என்றார். குரல் சின்னப் பிள்ளை குரல் மாதிரி இருந்தது.

நான் குனிந்து அந்தக் கட்டியைப் பிடித்துத் தூக்கினேன். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் தூக்கினேன். விரல் வழுக்கியது. அது இருந்த இடத்திலேயே இருந்தது. கடல் ஏற்ற நேரம் போலிருக்கிறது, கழியில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் வந்தபோது அவர் குதிகாலை நனைத்துக்கொண்டிருந்தது, இப்போது முழங்காலுக்கு வந்திருந்தது.

வாழ்க்கையில் அப்படி ஒரு பயம் எனக்கு வந்ததில்லை. ஊரே மெச்சிய என் ஒல்லி உடம்பு அந்த நேரத்தில் எதற்கும் உதவவில்லை.

"தள்ளு" என்றாள் ஸ்டெல்லா. கட்டிக்கு முன்னால் காலை அகட்டிக் குந்தி உட்கார்ந்தாள். முதுகை நேராக வைத்துக்கொண்டாள். "நான் தூக்கினதும் நீ கால இழு. வேற எதையும் பாக்காத."

அவள் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கட்டியின் ஒரு ஓரம் மெல்ல எழும்பியது. நான் இழுத்தேன். என் கணவர் அலறினார். கால் வெளியே வந்துவிட்டது.

அப்புறம்? அவரை அங்கேயே விட முடியாது. மேட்டுக்குக் கொண்டு போக வேண்டும். ஸ்டெல்லா அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"ஏறுங்க அண்ணாத்த."

"வேணாம் டீச்சர்... யாராவது பாத்தா..."

அந்த வலியிலும் மனிதருக்கு மானம் போய்விடுமாம்! எனக்கு வந்தது கோபம்.

"பாத்தா பாக்கட்டும்! ஏறுங்க!" என்று கத்தினேன். கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அப்படிக் கத்தியதில்லை.

ஏறினார். அவள் எழுந்து நின்றாள். சரிவில் ஒவ்வொரு அடியாக வைத்து மேலே நடந்தாள். காய்ந்த மணலில் சுவர் நிழலுக்கு வந்ததும் அவரை இறக்கினாள். அடுத்த கணம் தானும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இரைக்கிறது, உதடு கறுத்திருக்கிறது.

"முடியல ராஜி... நெஞ்சு அடிச்சிக்குது. இனிமே நீதான். ஓடு."

ஓடினேன். செருப்பை அங்கேயே விட்டேன். புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். மணலில் கால் புதைந்தது, வெயில் சுட்டது. சவுக்குத் தோப்பைத் தாண்டி, குப்பத்தைத் தாண்டி — எதிரில் இரண்டு சிறுமிகளைத் தவிர யாருமில்லை — பள்ளிவாசல் வரைக்கும் எங்கேயும் நிற்கவில்லை. நடுவில் ஒருமுறை அழுகை வந்தது. அழுதால் மூச்சு கெடும் என்று அடக்கிக்கொண்டேன்.

தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தலைவிரி கோலமாக நான் போய் நின்றதும் எல்லோரும் திகைத்துவிட்டார்கள். காதர் பாய் ஓடி வந்தார்.

"இன்னாம்மா, இன்னா ஆச்சு? மொதல்ல மூச்சு வாங்கிக்கோ, அப்புறம் சொல்லு."

"மூச்சு இருக்கு அண்ணே, வண்டிதான் வேணும். அவர் கோட்டைல விழுந்துட்டார். கால் ஒடஞ்சிருக்கு."

அதற்கு மேல் அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. மீன் ஏற்றும் வேனை எடுத்தார். நாலு பேர் பக்கத்து வீட்டுக் கயிற்றுக் கட்டிலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். கட்டிலில் கிடத்தி, வேனில் ஏற்றி, அப்படியே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தோம். வேனில் மீன் வாசனை. என் கணவர் என் கையை விடவே இல்லை. ஸ்டெல்லா இன்னொரு பக்கம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். அவளுக்கும் ஒரு முறை நாடி பார்த்தார் டாக்டர். பயமில்லை என்றார். என் கணவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. முட்டிக்கு மேல் வரை மாவுக்கட்டு.

கதை இத்தோடு முடிந்ததா? எனக்கு அப்போதுதான் ஆரம்பித்தது.

வீட்டுக்கு வந்த முதல் நாள், பாத்ரூம் போக அவரை எழுப்ப வேண்டும். தோளைக் கொடுத்தேன். எழும்போது என் முட்டி மடிந்தது. இருவரும் சுவரில் போய் மோதினோம். நல்லவேளை, விழவில்லை. அவர் மறுபடி கட்டிலில் சாய்ந்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார். ஏனென்று எனக்குப் புரிய ஒரு நாள் ஆயிற்று. அடிக்கடி எழ வேண்டாமே!

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். சொல்லும்போது அழுதுவிட்டேன். சாயங்காலமே ஸ்டேஷனிலிருந்து சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள் — அவளும் அந்தப் பால்பவுடர் டின்களும், தனியாக ஒரு தண்ணீர்க் குழாயும்.

"மொதல்ல வெறுங்குழாய தூக்கு. ஜம்பம் வேணாம்" என்றாள். எப்படிக் குந்துவது, முதுகை எப்படி வைப்பது, எழும்போது எப்போது மூச்சு விடுவது... எல்லாம் சொல்லிக் கொடுத்தாள். ராத்திரிச் சாப்பாட்டைத் திரும்ப ஆரம்பிக்கச் சொன்னாள். முட்டை, சுண்டல், பயறு. முதல் வாரம் மாடிப்படி இறங்க முடியாமல் தொடை வலித்தது. கீழ் வீட்டு அம்மாள் மேலே வந்து கேட்டார், "தெனம் காலைல இன்னாம்மா இடிக்கிற? மாவா?"

ஏரிப் பக்கம் ஓடுவதையும் விடவில்லை. ஆனால் இப்போது துணைக்கு ஸ்டெல்லா. முதல் ரயிலைப் பிடித்து வந்துவிடுகிறாள். ஆரம்பத்தில் மதகுக்கு மதகு உட்கார்ந்தாள். "இதுக்கு மூட்டையே தேவலாம்" என்று என்னைத் திட்டினாள். அந்த மத்தியானம் நெஞ்சு அடித்துக்கொண்டது அவளையும் பயமுறுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒருநாள் காலை அவரை நாற்காலியிலிருந்து எழுப்பினேன். குந்தி, பிடித்து, எழுந்தேன். அவர் நின்றபிறகு என்னை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"ராஜி, நீ தூக்குனியா? இல்ல, நானே எழுந்தேனா?"

அன்றைக்கு அவர் இரண்டு தம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். எனக்கு அது போதும்.

ஸ்டேஷன் மிஷினில் மறுபடி ஏறிப் பார்த்தேன். எடை கொஞ்சம் கூடியிருந்தது! முதலில் மனசு சுருங்கியது. வீட்டுக்கு வந்து பிடித்துத் தைத்த ஜாக்கெட்டைப் போட்டால், இடுப்பில் லூஸ், கையில்தான் இறுக்கம். அந்த மிஷின் நான் எவ்வளவு குறைந்தேன் என்று சொன்னதே தவிர, என்னிடமிருந்து எது குறைந்தது என்று சொன்னதே இல்லை.

சரி, எது நல்லது? ஓட்டமா, வெயிட்டா? எப்படியும் கேட்பீர்கள். கொழுப்பு குறைய ஓடுங்கள், நடங்கள். ஆனால் அதோடு சதையையும் தொலைத்துவிட்டு வராதீர்கள். வெயிட் தூக்குகிறீர்களா? மூச்சையும் கொஞ்சம் கவனியுங்கள். உங்கள் உடம்பை மிஷினுக்குக் காட்டவா வைத்திருக்கிறீர்கள்? என்றைக்காவது யாருக்காவது அது தேவைப்படும். அப்போது அது வேலைக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

போன வாரம் கட்டைப் பிரித்தார்கள் என்றேனே... டாக்டர் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா சேந்துடுச்சு. ஆனா நீங்க இளைக்கணும் சார்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்ததும் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டு என்னையும், அவரைப் பார்க்க வந்திருந்த ஸ்டெல்லாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் யார் கட்சில சேர்றது? ராஜி கட்சியா, டீச்சர் கட்சியா?"

நானும் ஸ்டெல்லாவும் பேசி வைத்துக்கொள்ளாமலே ஒரே குரலில் சொன்னோம்:

"மொதல்ல எழுந்து நில்லுங்க!"