ஈயம் என்றால் லெட்

பொம்மசந்திராவில் ஒரு பேட்டரி ஃபாக்டரியில் எனக்கு வேலை. லெட் பாளங்களைத் தூக்கி உருக்கும் கொப்பரையில் போட வேண்டும். சேர்ந்த புதிதில் சுவரில் கன்னடத்தில் ‘ஸீஸ, அபாய’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து, சாராய சீசாவை உள்ளே கொண்டுவரக் கூடாதாக்கும் என்று ஒரு மாதம் நல்ல பிள்ளையாக இருந்தேன். ஸீஸ என்றால் லெட் என்று பிறகுதான் தெரிந்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அத்தோடு புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

மற்றபடி சுத்தத்தில் நான் கெட்டி. ஷிஃப்ட் முடிந்ததும் அங்கேயே ஒரு குளியல், வேறு உடுப்பு, ஷூ லாக்கரில். தொம்மலூர் வீட்டுக்கு வந்ததும் இன்னொரு குளியல். மனைவி நாலு மாதம் முழுகாமல் இருந்தாள். வயிற்றுப் பிள்ளையின் மூளையை லெட் கெடுத்துவிடும் என்று ஃபாக்டரி டாக்டர் சொல்லியிருந்தார். அந்த பயத்தில் தோலே உரியும்படி தேய்த்துக் குளித்தேன்.

கணவனுக்கு பேட்டரி வேலை என்று கேட்டதுமே பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா அவள் ரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார். ரிசல்ட் வந்தது. லெட் அதிகம். டாக்டரம்மா ரிசல்ட்டையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார். எத்தனை குளித்தும் என் உடம்போடுதான் அது வீட்டுக்குள் வந்திருக்கிறது என்று நினைத்து அழுதேன்.

அன்று சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு கூட வேலை செய்பவனின் ரூமுக்குப் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வந்து, உள்ளே கால் வைக்காமல் வெளியிலேயே நிற்பேன்.

“கல்யாணப் பத்திரிகை வெக்க வந்தவன் மாதிரி இன்னாத்துக்குயா வாசல்ல நிக்கிற?” என்பாள்.

அவளுக்கு மசக்கை. சோறு தங்காது, இட்லி தங்காது, ரசம் மட்டும் தங்கும். மூன்று வேளையும் ரசம்தான். அதற்கு அவள் பிரேசர் டவுனில் ஒரு கண்காட்சியில் வாங்கிய ஈயச் சொம்பு இருந்தது. ஈயச் சொம்பு ரசத்தின் மணமே தனி என்று நானும் டம்ளர் டம்ளராகக் குடித்தவன்தான்.

மூன்றாவது ஞாயிறு அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

“தல சுத்துது. உள்ள வந்து நீயே ரசம் வெய்யி. உன் கையில கீற லெட்டு ஒண்ணும் ரசத்துல எறங்கிடாது.”

கல்யாணமான நாளிலிருந்து நான் தின்ற தட்டைக்கூடக் கழுவியவனில்லை. மூன்று தரம் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு சமையலறைக்குள் போய் அந்தச் சொம்பை எடுத்தேன். கை சட்டென்று கீழே இறங்கியது. இந்தக் கனம் என் கைக்குத் தெரியும். தினமும் தூக்குகிற கனம். சொம்பின் அடியை நாள்காட்டித் தாளில் இழுத்தேன். பென்சிலால் போட்டதுபோல் கறுப்பாக ஒரு கோடு.

ஃபாக்டரியில் லெட், சுவரில் ஸீஸ, அடுப்பில் ஈயம். மூன்றையும் என் மண்டை மூன்று பொருளாகவே வைத்திருந்தது. ரசச் சொம்பை வார்ப்பது வெள்ளீயத்தில். அதில் கெடுதல் இல்லை. எவனோ புண்ணியவான் மலிவாகக் கிடைக்கும் காரீயத்தில், அதாவது லெட்டில், வார்த்து விற்றிருக்கிறான். புளியைக் கரைத்து ஊற்றினால் அது அப்படியே ரசத்தில் இறங்கும்.

“நான் இல்லடி! சொம்புடி! நான் இல்லவே இல்ல!” சொம்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூடத்தில் ஆடினேன். சுற்றினேன். கொடியில் காய்ந்த துண்டு தலையில் விழுந்தது. அதையும் போட்டுக்கொண்டு ஆடினேன். அப்படி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கை வயிற்றின் மேல் இருந்தது.

“யோவ், மூணு வேளையும் நான் குடிச்சது விஷம்னு சொல்லிட்டா ஆடுற?”

எனக்கு வெட்கமாகிவிட்டது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு என் தலையில் கிடந்த துண்டைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அத்தினி குளியல் குளிச்சியே, ஒரே ஒரு நாள் பாத்திரம் கழுவியிருந்தின்னா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்ல?”

அன்றே ரூமிலிருந்து என் பையை வீட்டுக்கு எடுத்து வந்தேன். பாத்திரம் கழுவுவது அன்றிலிருந்து என் வேலை.

மறுநாள் சொம்பை ஃபாக்டரி லேபில் கொடுத்தேன். சொம்பில் முக்கால்வாசி லெட். டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்து, மாதாமாதம் ரத்தம் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அளவு இறங்கியது. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிப் படியை நான் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன்.

பெண் பிறந்தாள். அவள் ரத்தத்தையும் பார்த்துவிட்டு, “பயப்பட ஒண்ணும் இல்ல, ஆனா அடிக்கடி கூட்டிட்டு வாங்க” என்றார் டாக்டரம்மா. நர்ஸ் குழந்தையை என் கையில் வைத்தார். கை பழக்கதோஷத்தில் எடை பார்த்தது. லேசு. இத்தனை லேசான ஒன்றை என் கை தூக்கியதே இல்லை. தூக்கித் தூக்கிப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டியது.

“எட போட்டது போதும், குடுயா. புள்ளைக்குப் பசிக்குது.”

நான் உடனே கொடுக்கவில்லை. இன்னொரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.