தஸ்லீமாவின் தொண்டை

இன்சீன் என்ற பர்மிய ஊரில் தஸ்லீமாவின் முகம் தெரியாதவர்களுக்கும் குரல் தெரியும். போனை ஸ்டாண்டில் மாட்டி, பேஸ்புக் நேரலையில் கைலிகளை விரித்து விரித்து விற்பவள். வெளியே ஜெனரேட்டர் உறுமினால் அதற்கும் மேலே கத்துவாள். மழை பிடித்த சமயம் அந்தக் குரல் கம்மியது. சுக்குக்கும் மசியவில்லை, உப்புத் தண்ணீருக்கும் மசியவில்லை. ஒருநாள் விலை சொல்ல வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது.

தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்த டாக்டர், குரல் நாண்களில் காய்ப்பு விழுந்திருக்கிறது என்றார். ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி போதும் என்று ஸ்பீச் தெரபிஸ்ட் சத்யபாமாவிடம் அனுப்பினார்.

சத்யபாமா தண்ணீர்க் குவளையில் ஸ்ட்ராவை விட்டு, "இதுல ஊதிக்கிட்டே 'ஊ'ன்னு சத்தம் குடுங்க, மா தஸ்லீமா" என்றாள், பர்மிய வழக்கப்படி பேருக்கு முன்னால் மரியாதைக்கு 'மா' சேர்த்து.

குமிழி கொப்பளித்தது. "இதுக்கா ரயிலேறி வந்தேன்?"

"இதுக்குத்தான். தொண்டையைக் கனைக்காதீங்க. கிசுகிசுக்கவும் கூடாது. கொஞ்ச நாள் நேரலையும் வேண்டாம்."

சும்மா இருப்பதுதான் தஸ்லீமாவுக்கு ஆகாத காரியம். கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். மடித்த கைலியைப் பிரித்து மறுபடி மடித்தாள். அவளுக்குப் பதில் நேரலையில் உட்கார்ந்த நாத்தனார் சமீனா நிறத்தைத் தப்பாகச் சொல்லும்போதெல்லாம் திரைக்குப் பின்னால் நின்று கையைப் பிசைந்தாள்.

அப்படியும் குரல் தேறவில்லை.

"வேற யார்கிட்ட கத்துறீங்க?" என்று அடுத்த முறை போனபோது கேட்டாள் சத்யபாமா.

"யார்கிட்டயும் இல்லையே."

அந்நேரம் போன் அடித்தது. கணவர் அப்துல் பாரி, கடைச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அலமாரி மேல இருக்கு."

"என்னது?"

"அலமாரி மேலங்க!"

வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். சத்யபாமா அந்தப் போனையே பார்த்தாள்.

திரும்பும் ரயிலில் தஸ்லீமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடை வைக்குமுன் ரயில்வே பட்டறைச் சத்தத்தில் கிடந்த மனிதர் அவர். எத்தனை வருஷமாக இந்த "என்னது"? காதில் வாங்காத திமிர் என்று எவ்வளவு சண்டை போட்டிருக்கிறாள்!

வீட்டுக்குப் போனதும் எதிரே உட்கார்ந்து மெல்லக் கேட்டாள். "உங்களுக்குக் காது கேக்கலையா?"

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். "ஊரு முழுக்கச் செவிடன்னு பேரெடுக்கச் சொல்றியா?"

"உங்க பேரைக் காப்பாத்தி என் தொண்டை போச்சுங்க."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. அடுத்த பயிற்சி நாளன்று, கூப்பிடாமலேயே ரயிலடிக்கு அவள் பின்னால் வந்து நின்றார்.

காதுக் கருவி வந்த அன்று அவருடைய முதல் புகார், "தட்டை ஏன் இப்படி நங்குன்னு வைக்கிற?" என்பது.

தஸ்லீமா மறுபடி நேரலைக்கு வந்துவிட்டாள், சட்டையில் சின்ன மைக்கோடு. உச்சத்துக்குப் போனால் குரல் இன்னும் உடைகிறது. அவர் கருவியைக் கழற்றி வைத்திருக்கும் நேரங்களில் கத்தலாமென்று வாய் துறுதுறுக்கும். அடக்கிக்கொண்டு, எழுந்துபோய் அவர் தோளைத் தொடுவாள். எல்லா நாளும் அடக்க முடிவதில்லை.